மாணவர் நெஞ்சில் வாழ்ந்த ஆசான் டெரோசியோ

1826-ஆம் ஆண்டு கல்கத்தாவின் இந்துக் கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் வரலாறும் கற்பிக்கப் புதிய ஆசிரியர் ஒருவர் பணியேற்றார். அவருக்கு அப்போது வயது 17. வகுப்பில் அமர்ந்திருந்த மாணவர்களில் பலர் அவரைவிட நான்கைந்து வயதே இளையவர்கள். ஐந்தாண்டு காலமே அவர் அங்குப் பணிபுரிந்தார். 22 வயது முடிந்து எட்டு மாதங்கள் கழிந்த நிலையில் உலகைவிட்டு மறைந்தார். ஆயினும் வங்காளத்தின் மறுமலர்ச்சியைப் பற்றி எழுதப் புகுந்த எவரும் ஹென்றி லூயி விவியன் டெரோசியோவைக் குறிப்பிடாமல் கடந்து சென்றதில்லை.

டெரோசியோ 1809 ஏப்ரல் 18 அன்று கல்கத்தாவின் எண்டாலிப் பகுதியில் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் டெரோசியோ போர்ச்சுகீசிய வம்சாவளியினர். வணிக நிறுவனமொன்றில் கணக்கராகப் பணியாற்றியவர். தாய் சோபியா, மகனுக்கு ஆறு வயதிருக்கும்போதே காலமானார்.

அக்காலத்தில் தர்மதலாவில் டேவிட் டிரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு பள்ளி நடத்தி வந்தார். ஐரோப்பியர், ஐரோப்பிய-இந்தியர், இந்தியர் ஆகிய மூவகைப் பிள்ளைகளும் அங்கே ஒரே பலகையில் அமர்ந்து படித்தனர். அன்றைய கல்கத்தாவில் இது அரிதான காட்சி. டிரம்மண்ட் கவிஞர், எதையும் ஆராய்ந்து பார்க்கும் இயல்புடையவர். சிறுவன் டெரோசியோவின் உள்ளத்தில் கவிதையையும் சிந்தனையையும் ஒருசேர விதைத்தவர் அவரே. 14 வயதில் பள்ளிப்படிப்பு முடிந்தது. அதற்குமேல் டெரோசியோ எந்தக் கல்விக்கூடத்திலும் பயின்றதில்லை.

சிறிது காலம் தந்தையின் அலுவலகத்தில் வேலை பார்த்தபின், பாகல்பூரில் உறவினருக்குச் சொந்தமான அவுரித் தோட்டத்திற்குச் சென்றார். கணக்கேட்டைவிடக் கங்கைக்கரையே அந்த இளைஞரை ஈர்த்தது. சுல்தான்கஞ்ச் அருகே ஆற்றின் நடுவே எழுந்து நிற்கும் ஜஹாங்கீராப் பாறைத்தீவு அவர் கற்பனையைத் தூண்டியது. இன்று ஆடி, ஆவணி நாட்களில் லட்சக்கணக்கான காவடி யாத்திரிகர்கள் கங்கை நீரை முகந்துகொண்டு தேவ்கர் வைத்தியநாதரை நோக்கிப் புறப்படுவது அவ்விடத்திலிருந்துதான். உடன்கட்டை ஏறவிருந்த இளம் விதவையொருத்தியை ஒரு பக்கீர் மீட்டுச் செல்வதும், அந்தக் காதல் துயரத்தில் முடிவதுமான நெடுங்கவிதையை அப்பாறையைக் களமாக வைத்து அவர் எழுதினார். அது 1828-இல் நூலாக வெளிவந்தது. உடன்கட்டை வழக்கம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது அதற்கு மறு ஆண்டின் இறுதியில்தான்.

அவர் ஆங்கிலத்தில் எழுதினார். ஆனால் தாய்நாடு என்று அவர் பாடியது இந்தியாவையே. அவருடைய வகுப்பைச் சேர்ந்த ஐரோப்பிய-இந்தியர் பலர் கண்ணாலும் காணாத இங்கிலாந்தைத் தம் வீடாக எண்ணிய காலம் அது. பாரதத்தின் பழம்பெருமையை நினைத்து, இன்றைய தாழ்வுக்கு வருந்தி ஆங்கிலத்தில் கவிதை புனைந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

இவரைத்தான் இந்துக் கல்லூரி அழைத்துக்கொண்டது. 1817-இல் கல்கத்தாவின் இந்துப் பெருமக்கள் கூடி, தம் பிள்ளைகள் மேலைநாட்டுக் கல்வியைத் தம் சமயச் சூழலிலிருந்து விலகாமல் பெறவேண்டும் என்று நிறுவிய கல்லூரி அது. பிற்காலத்தில் பிரசிடென்சி கல்லூரியாக வளர்ந்தது.

பாடத்திட்டத்தில் போப்பின் ஹோமர், டிரைடனின் வர்ஜில், மில்டன், ஷேக்ஸ்பியர், கிரேக்க-ரோமானிய வரலாறுகள் முதலியன இருந்தன. பிற ஆசிரியர்கள் சொற்பொருள் சொல்லி மனப்பாடம் செய்வித்த நூல்கள்தாம் இவை. டெரோசியோ அவற்றைத் தம் மாணவர்களின் வாழ்க்கையோடு பொருத்திக் காட்டினார். ஒரு வரலாற்று மாந்தரின் நீதியையும் தியாகத்தையும் விளக்கும்போது, அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்ற கேள்வி மாணவனின் எதிரில் வந்து நிற்கும். விடையைச் சொல்வது ஆசிரியரின் வேலையன்று என்பது அவர் கொள்கை. மணி அடித்த பின்னும் வகுப்பு கலையாது. மாலை வேளைகளில் மாணவர்கள் அவர் இல்லத்திற்கே வந்துவிடுவர். ஐரோப்பிய உடையணிந்த ஒருவரின் வீட்டில் அந்தணர், காயஸ்தர் குலப் பிள்ளைகள் கூடி இரவுவரை பேசிக்கொண்டிருப்பது நகரத்தில் பலர் கண்ணை உறுத்தியது.

அந்தக் கூட்டமே 1828 வாக்கில் ஒரு சங்கமாக உருப்பெற்றது. ஸ்ரீகிருஷ்ண சிங்கர் என்ற செல்வரின் மாணிக்தலாத் தோட்ட வீட்டில் அது கூடியது. விதியா, மனித முயற்சியா? அறம் எது, மறம் எது? நாட்டுப்பற்று, உருவ வழிபாடு, கடவுளின் உண்மைக்கு ஆதரவாகவும் எதிராகவும் உள்ள வாதங்கள் என்று எதுவும் அங்கு விலக்கப்படவில்லை. கல்கத்தாவின் கல்விக்காகத் தம் பொருளையும் வாழ்நாளையும் ஈந்த கடிகார வணிகர் டேவிட் ஹேர் தவறாமல் வந்து ஓர் ஓரத்தில் அமர்ந்து கேட்பார்.

கட்டவிழ்ந்த இளமை சும்மா இருக்குமா? மாணவர்கள் சிலர் ஆசாரங்களை வெளிப்படையாக இகழ்ந்தனர். பூணூலைக் கழற்ற முயன்றனர். விலக்கப்பட்ட உணவை உண்டு, அதை மற்றவர்க்கும் தெரியும்படி செய்தனர். சிந்தனைச் சுதந்திரம் வேறு, அடுத்தவர் மனத்தைப் புண்படுத்தும் குறும்பு வேறு என்ற பாகுபாடு அவ்வயதில் அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆசிரியருக்கும் அப்போது வயது இருபதுதான் என்பதை மறந்துவிடலாகாது. பெற்றோர் அஞ்சினர். பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தலாயினர். வீடு வீடாகச் சென்று வதந்தி பரப்புவோரும் இருந்தனர். ஆசிரியர் கடவுள் இல்லை என்று போதிக்கிறார், பெற்றோரை மதிக்கத் தேவையில்லை என்கிறார், உடன்பிறந்தோர் மணந்துகொள்வது குற்றமன்று என்கிறார், தம் தங்கையையே ஒரு மாணவனுக்கு மணமுடிக்கப் போகிறார் என்றெல்லாம் பேச்சு எழுந்தது.

1831 ஏப்ரல் 23 அன்று நிர்வாகக் குழு கூடியது. கேசவசந்திர சேனரின் பாட்டனாரான ராம்கமல் சேனர் அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர். டெரோசியோ நல்லொழுக்கத்திற்குக் கேடானவர் என்று தீர்மானிக்கப் பெரும்பான்மையோர் உடன்படவில்லை. ஆனால் ஊரின் மனநிலையைக் கருதி அவரை விலக்குவதே தகும் என்று முடிவாயிற்று. தேவையில்லை என்று கூறியவர் தோட்ட வீட்டுக்கு உரியவரான ஸ்ரீகிருஷ்ண சிங்கர். இந்துக்களின் உணர்வு சார்ந்த விஷயம் என்பதால் ஹேரும், வடமொழி அறிஞர் ஹோரேஸ் ஹேமன் வில்சனும் வாக்களிக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து ஒரு சொல் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றாமற் போனதுதான் இதில் வருந்தத்தக்கது.

வில்சன் செய்தியைத் தனிப்பட்ட முறையில் தெரிவித்ததும், டெரோசியோ 25-ஆம் தேதி தாமே பணியைத் துறந்தார். விசாரணையின்றித் தண்டிக்கப்பட்டதைப் பணிவுடனும் உறுதியுடனும் கடிதத்தில் பதிவு செய்தார். வதந்திகளைப் பற்றி வில்சன் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். மறுநாள் டெரோசியோ எழுதிய பதில் அவருடைய நெஞ்சைத் திறந்து காட்டுகிறது.

கடவுள் இல்லை என்று தாம் எவர் காதிலும் விழும்படி கூறியதில்லை என்றார் அவர். கடவுளின் இருப்பை ஐயுற்ற ஹியூமின் வாதங்களை மாணவர்க்கு எடுத்துரைத்தது உண்மை. அவ்வாதங்களுக்கு ரீடும் ஸ்டுவர்ட்டும் தந்த மறுப்புகளையும் அவர்களுக்குக் கொடுத்ததும் உண்மை. ஒரு பக்கத்தை மட்டும் காட்டி மாணவனை நம்பவைப்பது அவனுக்கு இழைக்கும் தீங்கு என்பது அவர் எண்ணம். நம் நாட்டுச் சாத்திர மரபை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. பூர்வபட்சத்தை முழுமையாக நிறுத்திய பின்னரே நம் ஆசாரியர்கள் சித்தாந்தம் கூறினர். மாதவரின் சர்வதர்சன சங்கிரகம் சார்வாகரின் மதத்தை முதலில் வைத்தே தொடங்குகிறது. ஆயினும் சாத்திரத்தில் முதிர்ந்த பண்டிதர்களுக்கு உரிய அம்முறையைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் கையாண்டது முறையா என்ற பெற்றோரின் கவலையையும் ஒதுக்கிவிட முடியாது.

பெற்றோரை மதித்தல் பற்றி அவர் தத்துவம் பேசவில்லை, நடந்ததைக் கூறினார். தக்ஷிணாரஞ்ஜன் முகர்ஜி என்ற மாணவர், தந்தையின் கடுமை பொறுக்க முடியவில்லை, வீட்டைவிட்டு வெளியேறப் போகிறேன் என்று வந்து நின்றபோது, அவர் கூறியது மெய்யென்று தெரிந்திருந்தும் டெரோசியோ தடுத்தார். பெற்றவரிடமிருந்து எவ்வளவோ பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தினார். தந்தையிடம் அடங்காமல் நடந்துகொண்ட இன்னொரு மாணவரை உறவினர் முன்னிலையிலேயே கடிந்து, தந்தையிடம் மன்னிப்புக் கேட்கும்வரை தம்மோடு பேச வேண்டாம் என்று கூறிவிட்டார். மூன்றாவது வதந்தியை அருவருப்போடு மறுத்தார்.

கடிதத்தால் முடிவு மாறவில்லை. அவர் அதை எதிர்பார்த்து எழுதியதாகவும் தெரியவில்லை.

அவ்வாண்டே 'ஈஸ்ட் இந்தியன்' என்ற நாளிதழைத் தொடங்கித் தம் சமூகத்தாரின் உரிமைக்காக எழுதலானார். மாணவர்கள் அவரைவிட்டு நீங்கவில்லை. டிசம்பர் மாதம் வாந்திபேதி நோய் அவரைப் பற்றியது. படுக்கையருகே மாணவர்கள் மாறி மாறி இருந்து பணிவிடை செய்தனர். 1831 டிசம்பர் 26 அன்று உயிர் பிரிந்தது. பார்க் தெருவின் பழைய தெற்குக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மாணவர்கள் ஒரே வழியில் செல்லவில்லை. அவருடைய சங்கத்தில் முன்னின்ற கிருஷ்ணமோகன் பானர்ஜி 1832-இல் கிறிஸ்தவரானார். சிவசந்திர தேவர் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து, கொன்னகரில் பள்ளியும் நூலகமும் அமைத்தார். ராதாநாத் சிக்தார் நில அளவைத் துறையில் சேர்ந்தார். பின்னாளில் எவரெஸ்ட் என்று பெயர் பெற்ற பதினைந்தாம் சிகரமே உலகில் உயர்ந்தது என்பது 1852-இல் அவருடைய கணக்கினால் வெளிப்பட்டது. பியாரி சந்த் மித்ரர் பேச்சுவழக்கை ஒட்டிய எளிய வங்காளியில் 1858-இல் வெளியிட்ட நாவல் அம்மொழி உரைநடையில் புதுவழி காட்டியது. அதற்கு முன்பே, 1854-இல், அவரும் சிக்தாரும் சேர்ந்து பெண்கள் படிப்பதற்கென்றே ஒரு மாத இதழைத் தொடங்கியிருந்தனர். தந்தையின் வீட்டைவிட்டு ஓட எண்ணிய தக்ஷிணாரஞ்ஜன்தான் 1849-இல் பெத்தூன் பெண்கள் பள்ளியைத் தொடங்கியபோது அதற்கு இடம் தந்தவர்.

கொள்கையில் வேறுபட்ட இவர்களிடம் ஒரு பொதுத்தன்மையை ஊரார் கண்டனர். இந்துக் கல்லூரி மாணவன் பொய் சொல்லமாட்டான் என்பது அந்நாளில் கல்கத்தாவில் பழமொழிபோல் வழங்கியது. ராம்கோபால் கோஷ் வீட்டில் நடந்த சம்பவம் இதற்குச் சான்று. அவருடைய பாட்டனாரின் சிராத்தத்தின்போது, ராம்கோபால் ஆசாரம் தவறியவர் என்று கூறிச் சாதியார் வர மறுத்தனர். அப்படி எதுவும் செய்ததில்லை என்று ஒரு வார்த்தை கூறிவிடும்படி தந்தை கண்ணீருடன் மன்றாடினார். ராம்கோபாலும் அழுதார். உங்களுக்காக எந்தத் துன்பத்தையும் ஏற்கிறேன், பொய் மட்டும் கூற இயலாது என்று சொல்லிவிட்டார்.

ராம்தனு லாஹிரி ஆசானின் தொழிலையே மேற்கொண்டார். கிருஷ்ணநகர், பர்த்வான், உத்தர்பாரா, பரிசால் எனப் பல ஊர்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். 1851-இல் பூணூலைத் துறந்ததால் உறவினரின் புறக்கணிப்புக்கு ஆளாகி, வீட்டுவேலைக்கும் ஆளின்றித் தவித்த காலத்திலும் எவரையும் கடிந்துகொள்ளாத சாந்தம் அவரிடம் இருந்தது. ஆசாரமுடைய இந்துக்களும் அவரை முனிவரென மதித்தனர். சிவநாத சாஸ்திரி 1904-இல் வெளியிட்ட ராம்தனுவின் வரலாற்று நூலில்தான் வங்காள வாசகர்கள் டெரோசியோவை விரிவாக அறிந்தனர். ராம்தனு 1898-இல் தமது 85-ஆம் வயதில் மறைந்தார். ஆசிரியர் மறைந்து அப்போது ஏறத்தாழ 67 ஆண்டுகள் ஆகியிருந்தன.