கல்லைப் படித்த பெருமகன்

பூண்டியை அடுத்த குடியம் மலைக்குகைக்கு மாணவியருடன் சென்றிருந்தேன். தேனடைகள் தொங்கும் அந்தப் பாறைக் கூரையின்கீழ் ஒருத்தி, இங்கு வாழ்ந்தவர்கள் தமிழர்களா என்று வினவினாள். வகுப்பறையில் தமிழின் தொன்மையைத் தயங்காது பேசிப் பழகிய நான் விடையின்றி நின்றேன். அவ்வேளையில் என் நினைவுக்கு வந்தவர் இராபர்ட் புரூஸ் ஃபுட்.

இங்கிலாந்தின் செல்ட்டனாம் நகரில் 1834 செப்டம்பர் 22 அன்று பிறந்த அவர், 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். பாறைகளையும் கனிமங்களையும் ஆராய்வதே அவருக்கு இடப்பட்ட பணி. ஆயினும் ஐரோப்பிய ஆற்றுப்படுகைகளில் பழங்கற்கருவிகள் கிடைத்த செய்தி அவர் கண்களை விழிப்பாக்கியிருந்தது. 1863 மே 30 அன்று, பல்லாவரத்துப் படைத்திடலின் சரளைக்குழியில் மனிதக் கை செதுக்கிய கல்லொன்றை அவர் கண்டெடுத்தார். பலர் மிதித்து நடந்த மண்ணில், குனிந்து பார்த்தவர் அவரே. அவ்வாண்டு செப்டம்பரில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு இவ்வாறு தமிழ் மண்ணில் தொடங்கியது.

அவர் மணந்த எலிசபெத், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், 6,000க்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874இல் வெளியிட்டவரும் அப்பெரியவரே. மாமனார் மக்கள் வாயிலிருந்து சொற்களைத் திரட்டினார். மருமகன் மண்ணிலிருந்து கற்களைத் திரட்டினார். கவிஞர்களாகிய நாம் இவ்விரு உழைப்புகளுக்கும் கடன்பட்டவர்கள்.

1884-85இல் கர்நூல் பகுதியின் பில்லசர்க்கம் குகைகளை, மகனையும் துணைக்கொண்டு அகழ்ந்தார். 1891இல் ஓய்வு பெற்றபின் பரோடாவிலும் மைசூரிலும் பணிபுரிந்து, ஏற்காட்டைத் தம் இல்லமாக்கிக் கொண்டார். அவர் சேர்த்த தொகுப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. எந்தப் பொருள் எந்த ஊரில் கிடைத்தது என்று வரிசைப்படுத்தி அவர் எழுதிய பட்டியல், அவர் மறைவுக்குப் பின் 1914இலும் 1916இலும் நூல்களாக வெளிவந்தது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் உயிர்நீத்த அவரது சாம்பல், ஏற்காட்டுத் தேவாலயத்தில் துயில்கொள்கிறது.

அவர் சுட்டிய இடங்கள் பின்வந்தோர்க்கு வழியாயின. குடியத்தில் 1960களில் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. அத்திரம்பாக்கத்துக் கருவிகளுள் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. அக்கருவிகளைச் செய்தோர் இன்றைய மனித இனம் தோன்றுவதற்கும் முந்தையோர்; அவர்தம் மொழி யாதென எந்தக் கல்லும் உரைக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் அம்மாணவிக்கு இதனையே விடையாகக் கூறினேன். அவள் முகத்தில் சிறிது ஏமாற்றம் தெரிந்தது. எனக்கும் அது இருந்தது. ஆயினும், சான்று நிற்கும் இடத்தில் தானும் நின்றுவிடும் சொல்லே நெடுங்காலம் நிற்கும். தொன்மையைப் பாடும் நமக்கு ஃபுட் பெருமகன் விட்டுச்சென்ற பாடம் இதுவேயாகும்.