யுஸ்டஸ் லீபிக்

சர்க்கரை இனிக்கும், காடி புளிக்கும், எண்ணெய் விளக்கில் நின்று எரியும். தன்மையால் இங்ஙனம் வேறுபட்ட இப்பொருள்கள் யாவும் கரி, ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்னும் மூன்று தனிமங்களால் ஆனவையே. சில எழுத்துகளே பல சொற்களாக விரிவது போல, இச்சில தனிமங்களே எண்ணற்ற பொருள்களாக விரிகின்றன. ஒரு பொருளில் கரி எத்துணைப் பங்கு உள்ளது என்பதை எளிதாகவும் பிழையின்றியும் அளந்தறியும் வழியை உலகிற்கு அளித்த பெரியார் யுஸ்டஸ் லீபிக் ஆவர்.

இவர் 1803-ஆம் ஆண்டு மே திங்கள் 12-ஆம் நாள், ஜெர்மனியிலுள்ள டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். தந்தையார் மருந்துச் சரக்குகளும் வண்ணப் பொருள்களும் விற்கும் வணிகர். அவருடைய சிறு பட்டறையே லீபிக்கின் முதற் பள்ளியாயிற்று. சந்தைக்கு வந்த வணிகன் ஒருவன் வெடிமருந்து செய்வதைக் கண்ட சிறுவர், வீட்டிற்கு வந்து அதனைத் தாமே செய்து பார்த்தார். பள்ளிப் பாடங்களில் அவர் பின்தங்கியே இருந்தார். பிற்காலத்தில் யாதாக விரும்புகிறாய் என்று ஆசிரியர் வினவியபோது, வேதியியல் அறிஞனாக விரும்புவதாக விடை கூறினார். அதுகேட்டு வகுப்பு முழுவதும் நகைத்தது. அந்நகைப்பு அவருடைய ஊக்கத்தைக் குறைத்திலது.

1822-ஆம் ஆண்டில் நாட்டுத் தலைவரின் பொருளுதவி பெற்றுப் பாரிசு மாநகர் சென்றார். ஆங்குக் கே-லுசாக் என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்தில் பயிலும் பேறு பெற்றார். 1824-ஆம் ஆண்டில், தம் இருபத்தோராம் வயதில், கீசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார். கைவிடப்பட்ட படைவீடொன்றின் காவற்கூடமே அவருக்கு ஆய்வுக்கூடமாகக் கிடைத்தது. அவ்வெளிய இடத்தை நாடிப் பல நாட்டு மாணவர்களும் வந்தனர். நூலை மட்டும் ஓதாது, தம் கையாலேயே ஆய்ந்து கற்கும் முறையை அவர்கள் ஆங்குப் பயின்றனர்.

அந்நாளில் லீபிக்கிற்கும் வோலர் என்னும் மற்றோர் அறிஞருக்கும் பெரியதொரு கருத்து வேற்றுமை எழுந்தது. லீபிக் வெள்ளி ஃபல்மினேட்டு என்னும் உப்பை ஆராய்ந்திருந்தார். அது சிறிது உராய்ந்தாலும் வெடிக்கும் இயல்பினது. வோலர் ஆராய்ந்த வெள்ளி சயனேட்டோ அத்தகையதன்று. ஆயினும் இரண்டிலும் அடங்கிய தனிமங்களின் அளவு ஒன்றாகவே காணப்பட்டது. ஒரே அளவில் ஒரே தனிமங்கள் சேர்ந்தால் ஒரே பொருளன்றோ உண்டாதல் வேண்டும்? வோலரின் கணக்கே பிழைபட்டது என்று லீபிக் கருதினார். எனினும் அவர் வாதத்தோடு அமையவில்லை, மீண்டும் ஆராய்ந்தார். வோலரின் கணக்குச் சரியென்று கண்டதும் தயங்காது ஒப்புக்கொண்டார். இருவரும் பிழை செய்திலர். அணுக்கள் அமைந்த முறையே வேறு என்னும் பேருண்மை வெளிப்பட்டது. பகைமையாக முடிந்திருக்கக் கூடிய பூசல் வாழ்நாள் நட்பாக மலர்ந்தது. 1832-ஆம் ஆண்டில் வோலர் தம் மனைவியை இழந்து துயருற்றபோது, லீபிக் அவரைக் கீசனுக்கு அழைத்துக்கொண்டார். இருவரும் கசப்பு வாதுமை எண்ணெயை ஒருங்கே ஆராய்ந்தனர். துயர் ஆற்றும் மருந்தாகத் தொடங்கிய அவ்வாராய்ச்சி, வேதியியலில் புதுவழி ஒன்றையும் திறந்தது.

இத்தகைய ஆராய்ச்சிகளுக்குத் துல்லியமான அளவை இன்றியமையாதது. அதற்கென லீபிக் 1831-ஆம் ஆண்டில் ஒரு கருவியை அமைத்தார். ஆராய வேண்டிய பொருளைச் செப்பு ஆக்சைடுடன் கலந்து, கண்ணாடிக் குழாயிலிட்டுக் காய்ச்சினால், அதிலுள்ள ஹைட்ரஜன் நீராவியாகவும், கரி கரியமில வாயுவாகவும் மாறும். நீராவியைக் கால்சியம் குளோரைடு ஈர்த்துக்கொள்ளும். ஐந்து குமிழ்கள் முக்கோண வடிவில் அமைந்த கண்ணாடிக் குழாயில் நிரப்பிய பொட்டாசுக் காரநீர் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். அக்குழாயை முன்னும் பின்னும் நிறுத்தால், கூடிய எடையே வாயுவின் எடை. அதில் 11 பங்கிற்கு 3 பங்கு கரி. முன்னர் அறிஞர் சிலர்க்கே கைவந்த அரிய செயல், இக்கருவியால் மாணவரும் செய்யத்தக்கதாயிற்று. இதன் வடிவம் அமெரிக்க வேதியியற் கழகத்தின் சின்னத்திலும் இடம்பெற்றுள்ளது.

லீபிக் 1840-ஆம் ஆண்டில் உழவுக்கும் வேதியியலுக்கும் உள்ள தொடர்பை விளக்கிப் புகழ்மிக்க நூலொன்றை வெளியிட்டார். 1852-ஆம் ஆண்டில் மியூனிக் நகருக்குச் சென்று பணியாற்றி, 1873-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் ஆங்கே மறைந்தார்.

அவருடைய கருவி கரியின் அளவைக் காட்டிற்று. கரியணுக்கள் நின்ற நிலையைக் காட்ட அதனால் இயலவில்லை. அக்குறையை நீக்கிய வழிகளுள் ஒன்று அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்னும் முறை. கரியணுக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று எடை 13 உடையது. அதன் கரு சிறு காந்தம் போன்றது. வலிய காந்தத்தினிடையே பொருளை வைத்து வானொலி அலைகளைச் செலுத்தினால், கரியணுக்கள் தத்தம் சூழலுக்கேற்பத் தனித்தனிக் குறி காட்டும். எத்தில் ஆல்கஹாலும் டைமீத்தைல் ஈதரும் 2 கரியணு, 6 ஹைட்ரஜன் அணு, 1 ஆக்ஸிஜன் அணு உடையவை. எரித்து அளந்தால் இரண்டும் ஒன்றே. புதிய முறையிலோ ஆல்கஹால் இரண்டு குறிகளையும், ஈதர் ஒரே குறியையும் காட்டும். கரியணுக்களின் இக்குறிகள் 1957-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிடப்பெற்றன.

லீபிக்கும் வோலரும் எதிர்ப்பட்ட புதிரை இன்றைய மாணவர் சிறு பொழுதில் விடுவிக்கின்றனர். எனினும், கருவி எத்துணை வளர்ந்தாலும், தம் கருத்து தவறெனக் கண்டபோது உண்மைக்குத் தலைவணங்கிய அப்பெரியாரின் உள்ளம் ஒவ்வொருவரும் தாமே தேடிப் பெறவேண்டிய செல்வமாகும்.