மண்ணுக்கு வைத்தியம் செய்த மாமனிதர்



நமக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் ஓடுகிறோம். மண்ணுக்கு நோய் வந்தால் யாரிடம் போவது? அமெரிக்காவின் தென்பகுதியில் அந்த வைத்தியத்தைச் செய்தவர்தான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

1864-ஆம் ஆண்டையொட்டி மிசூரி மாநிலத்தில் ஓர் அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்தார் அவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயையும் பிள்ளையையும் கொள்ளையர் தூக்கிச் சென்றனர். பிள்ளை மட்டும் திரும்பக் கிடைத்தது. தாய் கிடைக்கவே இல்லை. அடிமை முறை ஒழிந்த பின்பும் அருகிலிருந்த பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. சிறு வயதிலேயே வேற்றூர் போய், சமையல் செய்தும் துணி வெளுத்தும் படித்தார். கான்சாஸ் மாநிலக் கல்லூரி ஒன்று இடம் தருவதாகச் சொல்லிவிட்டு, நேரில் அவர் நிறத்தைக் கண்டதும் கதவைச் சாத்தியது. சோர்ந்து போனாரா? இல்லை! அயோவா விவசாயக் கல்லூரியில் 1894-ல் பட்டமும் 1896-ல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

அங்கேயே வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் புக்கர் டி. வாஷிங்டன் அழைத்ததும், 1896-ல் அலபாமாவிலுள்ள டஸ்கீகி கல்விக்கூடத்திற்கு ஆசிரியராக வந்தார். சுற்றிலும் அவர் கண்டது என்ன? வருஷா வருஷம் பருத்தி, பருத்தி, பருத்தி! சத்தெல்லாம் போய், மேல்மண்ணை மழை அரித்து, நிலம் மலடாகிக் கிடந்தது. வாரத்துக்குப் பயிர் செய்த ஏழைகள் கடனில் மூழ்கினார்கள். உரம் வாங்கக் காசு ஏது?

கார்வர் காட்டிய வழியில் காசுச் செலவு குறைவு. பருத்தி எடுத்த நிலத்தில் அடுத்து தட்டைப்பயறோ, நாம் கச்சான் என்று சொல்கிறோமே, அந்த வேர்க்கடலையோ போட வேண்டும். அவற்றின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். காட்டில் உதிர்ந்த இலையையும் சதுப்புச் சேற்றையும் மட்க வைத்து உரமாக்கலாம். இதையெல்லாம் 1905-ல் எளிய கைநூலாக எழுதினார். பள்ளிக்கு வர முடியாதவர்களுக்காக, 1906-ல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டி ஒன்று அவர் திட்டப்படி கிராமம் கிராமமாகப் போனது.

ஆனால் நிலச்சொந்தக்காரர்களும் கடன் கொடுத்தவர்களும் கேட்டது பருத்திதான். கடலையை விளைத்தால் யார் வாங்குவார்கள்? அதற்காகவே கடலையின் பயன்களைத் தேடித் தேடி ஆராய்ந்தார். கடலையைச் சமைக்க 105 வழிகளை 1916-ல் நூலாக வெளியிட்டார். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சத்துணவும் கிடைத்தது. 1943 ஜனவரி 5-ல் மறையும் வரை எளிமையாக வாழ்ந்து, சேமிப்பை ஆராய்ச்சிக்கே விட்டுச் சென்றார்.

தோட்டத்து நண்பர்களே, இளம் ரப்பர் கன்றுகளுக்கு இடையே அவரை இனக் கொடிகளைப் படரவிடுவது உங்களுக்குத் தெரிந்ததுதானே? அதுவும் இதே வைத்தியம்தான். கொடி மண்ணை மூடும், மழை அரிக்காமல் காக்கும், தழைச்சத்தும் தரும்.

இன்று பூமி சூடாகி வருகிறது. வெயிலும் கடுமை, மழையும் கடுமை. மட்கு நிறைந்த மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றில் கலக்க வேண்டிய கரியிலும் ஒரு பங்கைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். ஆகவே பிள்ளைகளே, கூட்டிய இலையைக் கொளுத்தாதீர்கள். குசினிக் கழிவோடு சேர்த்து மட்கவிட்டு, கொல்லைக் கத்தரிக்கும் வெண்டைக்கும் போடுங்கள். மண்ணிடம் எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுப்போம்!