டாக்டர் கிளெகார்ன்

இந்த மாதம் நான் எழுதப் போவது ஹ்யூ கிளெகார்ன் பற்றி. மரம் நடும் விழாவில் யாரும் இவர் பேரைச் சொல்வதில்லை. ஆனால் இந்திய வனத்துறையின் வரலாறு எழுதுகிறவர்கள் இவரை விடவே மாட்டார்கள்.

வெள்ளைக்காரர்தான், ஆனால் பிறந்தது சென்னையில், 1820-ல். சின்ன வயசிலேயே ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1842-ல் கம்பெனி டாக்டராகச் சென்னைக்குத் திரும்பி வந்தார். பிறகு மைசூர் ராஜ்யத்தில் சிமோகாவில் வேலை. அங்கே தினம் ஒரு செடியைக் கொண்டுவந்து ஓர் ஓவியரிடம் கொடுத்து வரையச் சொல்வாராம். நாமெல்லாம் இலை ஒட்டும் நோட்டுக்கே எவ்வளவு சோம்பல் படுகிறோம்!

காடு அழிவதை அவர் கண்ணால் பார்த்தது அங்கேதான். காடு போனால் ஊற்று வற்றும் என்று கவலைப்பட்டார். 1856-ல் சென்னை மாகாணத்துக்கு வனத்துறை வந்தபோது அவரையே முதல் தலைவராகப் போட்டார்கள்.

இனிமேல்தான் சண்டை. மலை ஜனங்கள் காட்டில் ஒரு துண்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, அந்தச் சாம்பலில் கேழ்வரகோ சாமையோ விதைப்பார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் அதை விட்டுவிட்டு வேறு இடம் போவார்கள். பழைய இடத்தில் மறுபடியும் மரம் முளைக்கும். கன்னட நாட்டில் இதற்குக் குமரி என்று பேர். கிளெகார்னுக்கு இது கட்டோடு பிடிக்காது. நல்ல மரமெல்லாம் சாம்பலாகிறது என்று அரசாங்கத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1860-ல் அரசுக் காட்டில் அனுமதி இல்லாமல் குமரி கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது.

இங்கேதான் எனக்கு அவர் மேல் கோபம். அதே 1856-ல்தான் ராயபுரத்திலிருந்து ரயில் ஓட ஆரம்பித்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைக்காகக் காடு காடாக மரம் சாய்ந்தது. நீலகிரியிலும் வயநாட்டிலும் காபி போடுவதற்குத் துரைமார்கள் மலையை மொட்டை அடித்தார்கள். இது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ரயிலுக்குக் கட்டை தேடிக் கொடுப்பதும் அவர் துறையின் வேலைதான். கடைசியில் தடுக்க முடிந்தது சாமை விதைத்தவனை.

அதுக்காக அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லமாட்டேன். கோமுகி ஆறு நம்ம மலையில்தான் பிறக்குது. மேலே காடு இல்லாவிட்டால் கீழே கோமுகி அணைக்குத் தண்ணீர் ஏது? கள்ளக்குறிச்சிப் பக்கத்து நெல்லும் கரும்பும் என்ன ஆகும்?

1878-ல் வனச் சட்டம் வந்தபோது சென்னை அரசே அதை ஏற்கவில்லை. காட்டில் கிராமத்து ஜனங்களுக்குப் பழைய உரிமை உண்டு என்று வருவாய் வாரியம் வாதாடியது. அப்புறம் 1882-ல் சென்னைக்குத் தனிச் சட்டம் போட்டார்கள். அப்போ கிளெகார்ன் ஓய்வு பெற்று ஸ்காட்லாந்தில் இருந்தார். 1895-ல் அங்கேயே காலமானார்.

கல்வராயன் மலை அந்தக் காலத்தில் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 1976-ல்தான் அரசாங்கத்திடம் வந்தது. நாங்கள் மலையாளி ஜனங்கள். (கேரளா இல்லை, மலையில் வாழ்கிறவர்கள்!) முன்னே சாமையும் தினையும் விளைந்த எங்க கொல்லையில் இப்போ ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி. அதன் மேல் ஓரத்தில் நிற்கும் கடுக்காய் மரங்களை மட்டும் எங்க தாத்தா யாரையும் வெட்ட விட்டதில்லை. அந்த நிலத்துக்குப் பட்டா கிடையாது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பயிர் வைக்கும் பழங்குடிக் குடும்பம் 4 ஹெக்டேர் வரைக்கும் உரிமை கேட்கலாம். தாத்தா மனு கொடுத்திருக்கிறார். அளக்க வருவார்கள் என்று காத்திருக்கிறோம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி