சேய்மனம் கண்ட சான்றோர்

பசித்த குழந்தைக்குப் பால் வேண்டும். குளிரில் நடுங்கும் குழந்தைக்கு ஆடை வேண்டும். நோயுற்ற குழந்தைக்கு மருந்து வேண்டும். இவற்றை யாவரும் அறிவர். ஆயின், இவையனைத்தும் குறைவறக் கிடைத்தும், தன்னைத் தனக்குரியதெனக் கருதி அணைப்பார் ஒருவர் இல்லாவிடின் குழந்தை வாடிவிடும் என்னும் உண்மை, இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரையில் மருத்துவ உலகில் நன்கு உணரப்படவில்லை. அவ்வுண்மையை ஆராய்ந்து நிலைநாட்டியோருள் தலைசிறந்தவர் ஜான் பௌல்பி என்னும் ஆங்கில மருத்துவர் ஆவர்.

பௌல்பி 1907ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் அரச குடும்பத்திற்கு அறுவை மருத்துவராய் விளங்கியவர். அக்காலத்து ஆங்கிலச் செல்வர் இல்லங்களில் மக்களைச் செவிலியரே வளர்ப்பர். மாலையில் தேநீர் அருந்தியபின் ஒரு மணி நேரமளவே தாயார் பிள்ளைகளுடன் இருப்பார். எனவே, சிறுவர் ஜான் தம் நெஞ்சத்து அன்பையெல்லாம் மின்னி என்னும் செவிலியிடத்தே வைத்தார். அவருக்கு நான்கு வயது நிரம்பு முன்னரே அச்செவிலி பணியை விட்டு நீங்கினார். பெற்ற தாயையே இழந்தாற்போன்ற துயரை அவர் எய்தினார். பின்னாளிலும் அதனை மறந்தாரல்லர்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பயின்று 1928இல் பட்டம் பெற்றபின், நடத்தை பிறழ்ந்த சிறார் பயிலும் பள்ளியொன்றில் அவர் சிறிது காலம் பணியாற்றினார். ஆங்கே இருவர் அவர் கருத்தைக் கவர்ந்தனர். ஒருவன், திருடியமைக்காக முன்னைய பள்ளியினின்றும் நீக்கப்பட்டவன். நிலையாக வளர்த்த தாய் எவரும் இன்மையால் எவரிடத்தும் ஒட்டாதவன். மற்றவன் ஏழெட்டு வயதுச் சிறுவன். அச்சத்தால் பௌல்பியை நிழல்போல் தொடர்ந்து திரிந்தவன். ஒருவன் அன்பை நாடாதிருத்தலும், மற்றவன் அதனை விடாது பற்றுதலும் ஒரே குறையின் இரு விளைவுகளோ என அவர் எண்ணினார். அவ்வெண்ணமே அவரை மருத்துவமும் உளநூலும் கற்கத் தூண்டியது.

இலண்டனிலுள்ள குழந்தை வழிகாட்டி நிலையத்தில் திருட்டுக் குற்றம் செய்த சிறார் 44 பேரை அவர் ஆராய்ந்தார். அவருள் பிறர்பால் அன்போ, செய்த பிழைக்கு நாணமோ அற்றவர் 14 பேர். அந்தப் பதினால்வருள் 12 பேர் இளங்குழந்தைப் பருவத்தில் வளர்த்தவரை நெடுங்காலம் பிரிந்திருந்தவர் எனக் கண்டார். இவ்வாராய்ச்சி 1944இல் வெளிவந்தது.

இரண்டாம் உலகப்போர் ஓய்ந்தபின், பெற்றோரையும் வீட்டையும் இழந்த குழந்தைகள் ஐரோப்பாவிற் பலராயினர். அவர்தம் நிலையை ஆராய்ந்து கூறுமாறு உலக சுகாதார நிறுவனம் பௌல்பியைப் பணித்தது. அவரும் 1950இல் பல நாடுகளுக்குச் சென்று, குழந்தை விடுதிகளை நடத்துவோரையும் மருத்துவரையும் கண்டு உரையாடினார்; பிறர் ஆராய்ச்சிகளையும் திரட்டினார். ரெனே ஸ்பிட்ஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்த ஒரு விடுதியில் தூய்மை உண்டு, உணவு உண்டு, மருத்துவமும் உண்டு. ஆயின், எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு செவிலியே இருந்தார். தொட்டில்களின் பக்கங்களில் துணி தொங்கவிடப்பட்டமையால், குழந்தைகள் கூரையையன்றி வேறொன்றையும் கண்டிலர். அவர்தம் வளர்ச்சி குன்றியது. மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் இறந்தனர். சிறைச்சாலை ஒன்றில் தம் தாயராலேயே வளர்க்கப்பட்ட குழந்தைகளோ நன்கு தழைத்தனர்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, பௌல்பி 1951இல் தம் அறிக்கையை வெளியிட்டார். வறுமையுற்ற குடும்பத்திற்குப் பொருளுதவி செய்து குழந்தையை வீட்டிலேயே வாழச்செய்தல் வேண்டும்; அது இயலாதாயின் வளர்ப்புப் பெற்றோரிடம் காலந்தாழ்த்தாது ஒப்புவித்தல் வேண்டும்; பெருவிடுதி இறுதிப் புகலாகவே இருத்தல் வேண்டும் என்பன அவ்வறிக்கையின் சாரம்.

அந்நாளில் மருத்துவமனைகளும் குழந்தையைப் பெற்றோர் அடிக்கடி காண இசைவு தருவதில்லை. பௌல்பியின் உடன்பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் எட்டு நாள் தங்கிய இரண்டு வயதுக் குழந்தையின் துயரை 1952இல் திரைப்படமாக்கிக் காட்டினார். பிரிவுற்ற குழந்தை முதலில் அழுது அரற்றும். பின்னர்ச் சோர்ந்து துயருறும். முடிவில் பற்றற்று அமைதியாகிவிடும். அவ்வமைதியை நலமென்று பிறர் மயங்கினர். அதுவே பெருந்தீங்கென்று இவ்விருவரும் உணர்த்தினர். 1959இல் ஆங்கில அரசு அமைத்த குழுவும், பெற்றோர் தடையின்றி வந்து காண இசைவளித்தல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

பால் தருவதனாலேயே குழந்தை தாயை நாடுகிறது என்பது அறிஞர் பலர் கொள்கை. பௌல்பி அதனை மறுத்தார். பறவை விலங்குகளின் இயல்பையும் ஆராய்ந்து, அச்சம் நேருங்கால் ஒருவரை அண்டிப் புகலடைதல் குழந்தைக்குப் பிறவியிலேயே அமைந்த இயல்பு என்றும், அப்புகல் உறுதியாயின் குழந்தை அஞ்சாது உலகை ஆராயப் புறப்படும் என்றும் தெளிந்தார். இக்கொள்கையை 1969, 1973, 1980ஆம் ஆண்டுகளில் மூன்று பெருநூல்களாக வெளியிட்டார்.

அவர் கொள்கைக்கு எதிர்ப்பும் எழாமலில்லை. தாயர் மீதே சுமையை ஏற்றுகிறார் எனச் சிலர் குறைகூறினர். காசநோய் நிலையத்தில் நெடுநாள் தங்கிய சிறாரை அவரே ஆராய்ந்தபோது, அனைவரும் கெட்டழிந்திலர் எனக் கண்டார். தம் முன்னைய கூற்றுகள் சில மிகையானவை என்று 1956இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உண்மையின் முன் தம் பெருமையைச் சிறிதாக எண்ணிய பண்பு இது.

பௌல்பி 1990ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் மறைந்தார். அவர் கொள்கைக்குச் சான்று பின்னரும் கிடைத்தது. ருமேனியா நாட்டு விடுதிகளில் வளர்ந்த குழந்தைகள் 136 பேரைக் கொண்டு 2000ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. அவர்களுட் பாதியினர் வளர்ப்புப் பெற்றோரிடம் விடப்பட்டனர். விடுதியிலேயே இருந்தவரினும் அவர்கள் அறிவிலும் அன்பிலும் மேம்பட்டனர். இரண்டு வயதுக்கு முன்னரே வீடு சேர்ந்தவர் பெரிதும் நலம் பெற்றனர்.

ஆதரவற்ற குழந்தைக்குக் கூரையும் சோறும் அளித்தல் அறமே. அவ்வறம் நிறைவெய்துவது, அழுங்கால் ஓடி வந்து எடுக்கும் ஒரே கைகளை நாள்தோறும் அக்குழந்தைக்கு அளிக்கும்போதுதான். இதனை உலகிற்கு உணர்த்திய பௌல்பியின் தொண்டு என்றும் போற்றத்தக்கது.