எதிராளிக்குப் பிளக் கொடுத்தார்!

கிணற்றடியில் மண்ணெண்ணெய் எஞ்சின் ஓடிய காலத்தில், அது நின்றுவிட்டால் ராயப்பன்பட்டி விவசாயி என்ன செய்வார்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போவார். பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைப்பார். எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பார். திராட்சைக்குத் தண்ணீர் பாய ஒரு மணி நேரம் தாமதமாகும். அவ்வளவுதான்.

ஆகாயத்தில் அப்படி இறங்கிப் பார்க்க முடியுமா? ஒற்றை எஞ்சின் விமானத்தில் எஞ்சின் நின்றால், அது கல்லைப் போல விழுந்துவிடாது, சறுக்கிக்கொண்டே இறங்கும். கீழே சமதரை கிடைத்தால் உயிர் பிழைக்கலாம். கடலோ, பாறையோ இருந்தால்?

இந்த ஆபத்தை நன்றாக அறிந்தவர் ஜே. ஆர். டி. டாட்டா.

அவர் 1904 ஜூலை 29-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பார்சிக்காரர்; தாய் பிரெஞ்சுப் பெண்மணி. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஹார்டெலோ கடற்கரைக்குப் போவார்கள். அங்கே பிளேரியோவுக்கும் வீடு இருந்தது. 1909-ல் விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய அதே பிளேரியோதான்! 15-வது வயதில் அந்தக் கடற்கரையில் டாட்டா ஒரு விமானச் சவாரி செய்தார். அன்று பிடித்த ஆசை அவரை விடவே இல்லை.

1929 பிப்ரவரி 10-ந் தேதி விமானி லைசென்சு பெற்றார். இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் லைசென்சு அது.

பாலைவனத்தில் சந்திப்பு

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தன்னந்தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்தார். 1930 மே மாதம் டாட்டா, 'ஜிப்சி மாத்' என்ற சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து லண்டனை நோக்கிக் கிளம்பினார். ஆஸ்பி எஞ்சினியர் என்ற 17 வயது இளைஞர் லண்டனிலிருந்து எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தார்.

எகிப்து நாட்டில், அபூகிர் விமான தளத்தில் டாட்டா இறங்கினார். அங்கே ஆஸ்பி செய்வதறியாமல் நின்றுகொண்டிருந்தார். எஞ்சினுக்குப் பிளக் வேண்டும். கையில் மாற்றுப் பிளக் இல்லை!

பிளக்கில் எண்ணெயும் கரியும் படிந்தால் தீப்பொறி சரியாக வராது. எஞ்சின் இழுவை குறையும். அப்படிப்பட்ட விமானத்தை நம்பிக் கடலையும் பாலைவனத்தையும் யார் தாண்டுவார்கள்?

டாட்டா பார்த்தும் பாராதவர்போலக் கிளம்பியிருந்தால் பரிசு அவருக்கே கிடைத்திருக்கும். அவரோ தம்மிடம் இருந்த மாற்றுப் பிளக்குகளை எடுத்துக் கொடுத்துவிட்டார். தமக்கும் வழியில் அவை தேவைப்படலாம் என்பது தெரிந்தே கொடுத்தார். ஆஸ்பி தம் மிதவைச் சட்டையை அவருக்குப் பதிலாகக் கொடுத்தார்.

முடிவு? ஆஸ்பி முந்திக்கொண்டார். டாட்டா தோற்றது சில மணி நேரத்தில்! அந்தப் பையன்தான் 1960-ல் இந்திய விமானப் படையின் தளபதியானார்.

மாட்டு வண்டியில் பெட்ரோல்

1932 அக்டோபர் 15-ந் தேதி காலை. கராச்சியிலிருந்து 25 கிலோ தபாலுடன் டாட்டா 'பஸ் மாத்' விமானத்தில் புறப்பட்டார். ரேடியோ இல்லை. வழிகாட்டும் கருவி எதுவும் தரையில் இல்லை. பம்பாய் வரை ஒரே மூச்சில் போகாமல், பெட்ரோல் போட்டுக்கொள்ள ஆமதாபாத்தில் இறங்கினார். பெட்ரோல் எதில் வந்தது தெரியுமா? மாட்டு வண்டியில்! நாலு காலன் தகர டின்களில் வந்ததை டாங்கியில் ஊற்றிக்கொண்டு மீண்டும் கிளம்பினார். பிற்பகலில் பம்பாய் ஜூஹு வந்து சேர்ந்தார். அங்கிருந்து தபாலை அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்தத் தபால் சேவைதான் வளர்ந்து ஏர் இந்தியா ஆயிற்று.

சரியாக 50 ஆண்டு கழித்து, 1982 அக்டோபர் 15-ந் தேதி, அதே வழியில் மீண்டும் ஒரு சிறு விமானம் பறந்தது. எஞ்சின் ஒன்றுதான். உள்ளே இருந்தவரும் ஒருவர்தான். வயது 78. அவர் 1993 நவம்பர் 29-ந் தேதி ஜெனீவாவில் காலமானார்.