இஸ்மாயில்: பெயரும் அதைத் தாங்கிய பெரியவரும்

பிள்ளை பிறந்த ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் வைக்கிறோம். சுங்கை வே, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என எங்கு வாழ்ந்தாலும், நம் சொந்தபந்தத்தில் ஓர் இஸ்மாயிலாவது இருப்பார். அந்தப் பெயரின் பொருளையும், அதைத் தாங்கிய ஒரு தமிழரின் வாழ்வையும் நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள இந்தப் பொன்விழா மலரில் எழுதுகிறேன்.

இஸ்மாயில் என்பது எபிரேய மொழியில் யிஷ்மாஏல். ஷமா என்றால் கேட்டல். ஏல் என்றால் இறைவன். இறைவன் கேட்கிறான் என்பதே பெயரின் பொருள். அரபியிலும் அதே வேர் உண்டு. அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்றான அஸ்ஸமீஉ அந்த வேரில் பிறந்தது. தொழுகையில் ருகூவிலிருந்து நிமிரும்போது நாம் சொல்வதிலும் அந்தச் சொல் இருக்கிறது. முதுமை வரை பிள்ளைக்காக துஆ செய்த இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் குரலை இறைவன் கேட்டான். இஸ்மாயில் நபி (அலை) அவர்களைக் கொடுத்தான்.

தமிழில் கேட்பது என்பதற்கு மூன்று பொருள் உண்டு. காதால் கேட்பது, சொல் கேட்டு நடப்பது, வேண்டியதை வாய்திறந்து கேட்பது. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்களின் வாழ்வில் இம்மூன்றும் இருந்தன.

அவர் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். தந்தை மியாகான் ராவுத்தர் மார்க்கம் கற்றவர். அவரைச் சிறுவயதிலேயே இழந்த பிள்ளைக்குக் குர்ஆனையும் ஒழுக்கத்தையும் ஊட்டி வளர்த்தவர் தாயார். 1920இல் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்துக்கு அழைத்தபோது, பட்டத் தேர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அழைப்பைக் கேட்டார், படிப்பை விட்டார். பிறகு சென்னையில் தோல் வணிகத்தில் இறங்கி, வணிகர் சங்கப் பணிகளில் நல்ல பெயர் எடுத்தார்.

1947இல் நாடு பிரிந்தது. முஸ்லிம் லீக்கின் பெரிய தலைவர்கள் பலர் பாகிஸ்தான் சென்றுவிட்டார்கள். இந்தியாவிலேயே இருந்துவிட்ட முஸ்லிம்களுக்காகப் பேச ஆளில்லை. கட்சியைக் கலைத்துவிடுவதே நல்லது என்று பலரும் சொன்னார்கள். அந்த நெருக்கடியில், 1948 மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் சென்னை மண்டபத்தில் கூட்டம் நடந்தது. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. இஸ்மாயில் சாகிப் தலைமையை ஏற்றார்.

அரசியல் நிர்ணய சபையில் அவர் வாய்திறந்து கேட்டார். எந்தச் சமுதாயமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று 1948இல் திருத்தம் கொண்டுவந்தார். சபை ஏற்கவில்லை. 1949இல் தனித்தொகுதி முறை வேண்டும் என்றார். அதுவும் தோற்றது. ஆட்சிமொழி விவாதத்தில், இம்மண்ணின் தொன்மையான மொழிகளில் இலக்கிய வளம் மிக்கது தம் தாய்மொழியான தமிழ் என்று பெருமையோடு எடுத்துச் சொன்னார். அங்கும் முடிவு வேறாகத்தான் இருந்தது.

இறைவன் கேட்கிறான் என்று பெயர் கொண்டவரின் குரலைச் சபை கேட்கவில்லை. வேறொருவராக இருந்தால் கசந்து ஒதுங்கியிருப்பார். இவரோ அதே அரசியல் சட்டத்தின் கீழ், 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் அமர்ந்து பணி செய்தார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் இந்தத் தமிழரை மக்களவைக்கு அனுப்பினார்கள். கேட்டது கிடைக்காவிட்டாலும், கேட்கும் முறையையும் பண்பையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் தோறும் நாம் நினைவுகூர்வது ஒரு தந்தையும் மகனும் இறைவனின் சொல் கேட்ட வரலாற்றை. 1962இல் சீனப் போர் மூண்டபோது, தம் ஒரே மகனைப் போர்முனைக்கு அனுப்ப ஆயத்தமாக இருப்பதாகப் பிரதமர் நேருவுக்குத் தெரிவித்தார் இஸ்மாயில் சாகிப். பிரிவினையைக் காட்டி முஸ்லிம்களின் நாட்டுப்பற்றைச் சந்தேகித்தவர்களுக்கு அதுவே பதிலாயிற்று.

1972 ஏப்ரல் 5 அன்று அவர் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கிறார். சென்னை அண்ணா சாலையில் உள்ள அரசு மகளிர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சமுதாயத்தின் வழிகாட்டி என்று பொருள்படும் காயிதே மில்லத் என்பது மக்கள் கொடுத்த பட்டம். இஸ்மாயில் என்பது பெற்றோர் வைத்த பெயர். பட்டத்தை அவருக்குத் தேடிக்கொடுத்தது அந்தப் பெயருக்கேற்ற வாழ்வுதான்.

நம் சங்கத்துக்கும் ஐம்பது வயதாகிறது. பள்ளி இடம், உதவித்தொகை, மையத்துக்கு நிலம் என்று சங்கங்கள் கேட்டு நடக்க வேண்டிய காரியங்கள் ஏராளம். சில கிடைக்கும், சில கிடைக்காது. மனிதர் கேட்காத இடத்திலும் இறைவன் கேட்கிறான் என்ற உறுதி இருந்தால் கசப்பு வராது. உங்கள் வீட்டு இஸ்மாயிலிடம் அவன் பெயரின் பொருளைச் சொல்லுங்கள். இந்தப் பெரியவரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் துஆக்களை அல்லாஹ் கேட்டருள்வானாக. ஆமீன்.